மருமகன் வைத்த பரீட்சை

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீஸில் எனக்கு வேலை. கப்பல் வருகிறதோ இல்லையோ, மேனேஜர் தவறாமல் வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரிடமிருந்து தப்பித்து, தருவைகுளத்துக்கு பஸ் ஏறிவிடுவேன். அம்மாவின் மீன் குழம்பு, அதன்மேல் ஒரு தூக்கம். வேறென்ன வேண்டும்?

அந்தத் தூக்கத்துக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபத்து வந்தது, அக்கா மகன் ரூபத்தில். ஒன்பதாம் வகுப்பு. ஸ்கூல் கண்காட்சிக்கு 'உப்பும் உடம்பும்' என்று தலைப்பு எடுத்திருந்தான்.

"மாமா, நீங்க பி.எஸ்ஸி.ல்லா? ஒரு சந்தேகம்."

நான் படித்தது கணக்கு. அதை மருமகனிடம் ஒப்புக்கொள்ள முடியுமா, நீங்களே சொல்லுங்கள்!

"கேளுலே."

"கடலுக்குப் போறவங்க, தண்ணி தீந்து போச்சுன்னா கடல் தண்ணிய ஏன் குடிக்கக் கூடாது?"

"கரிக்கும்லா!"

அவன் பார்த்த பார்வையில் என் மேனேஜர் தெரிந்தார். பிறகு அவனே பாடம் நடத்தினான். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அத்தனை கெட்டியாக உப்பை வெளியே தள்ள நம் சிறுநீரகத்தால் முடியாது. அதனால் உடம்பில் இருக்கிற நல்ல தண்ணீரையும் எடுத்துச் செலவழிக்கும். குடிக்கக் குடிக்க உடம்பு வறண்டுதான் போகும்.

"அப்ப பேதியானா மட்டும் ஏன் உப்புத் தண்ணி குடுக்காங்க?"

நான் விட்டத்தைப் பார்த்தேன். அதற்கும் அவனே பதில் சொன்னான். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குடல் சர்க்கரையை உள்ளே இழுக்கும்போது உப்பும் கூடவே போகும். உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, ஊசி வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்த மாதிரி கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினாராம்.

உப்பளத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான். உப்பைப் பற்றி இதெல்லாம் எனக்குத் தெரியாது!

"கடைசிக் கேள்வி மாமா. தாத்தாவுக்கு என்ன ஆச்சு?"

தூக்கம் போயே போய்விட்டது.

அப்பாவுக்கு பிரஷர் இருந்தது. டாக்டர் தினமும் மாத்திரை சாப்பிடச் சொல்லியிருந்தார். மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிட்டார். "ஆமாப்பா, எதுக்கு வெட்டிச் செலவு" என்றவன் நான்தான். ஒருநாள் காலையில் காப்பி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பேச்சு குழறியது. வாயு என்று சொல்லி தைலம் தேய்த்துப் படுக்க வைத்தோம். சாயங்காலம்தான் கார் பிடித்தோம். பத்தாம் நாள் அப்பா இல்லை.

மருமகன் நோட்டில் எழுதியிருந்ததைக் காட்டினான்: 'வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108. ரத்தக் கட்டியால் வந்ததாக இருந்தால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.'

நாலரை மணி நேரம். நாங்கள் தைலம் தேய்த்த நேரத்தை மனசு கணக்குப் போட்டது. அதற்கு பி.எஸ்ஸி. கணக்கு எதற்கு?

"கைய நீட்டுங்க மாமா." எங்கோ இரவல் வாங்கிய பிரஷர் மெஷினைச் சுற்றினான். 152/98. "இப்பதான சாப்ட்டீங்க, கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்று மறுபடி பார்த்தான். 150/96. எனக்கு வயது 34. தலைவலியில்லை, மயக்கமில்லை, ஒன்றுமே இல்லை.

"ஒருதடவ பாத்து முடிவு பண்ணக் கூடாது மாமா. ஆனா 140/90-க்கு மேலேயே நின்னுச்சுன்னா டாக்டர்ட்ட போவணும்."

போனேன். வேறு வேறு நாளில் பார்த்தார்கள். நிற்கத்தான் செய்தது. மாத்திரை ஆரம்பித்தாயிற்று. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன்தான். கருவாட்டுக்குத் தடை. அம்மாதான் வருத்தப்படுகிறாள்.

கண்காட்சியில் மருமகனுக்கு இரண்டாம் பரிசு. மாமாவுக்கு ஆயுள் என்றால் அது முதல் பரிசுதானே!

தினமும் மாத்திரையைக் கையில் எடுக்கும்போது, 'நல்லாத்தானே இருக்கேன்' என்ற அந்த வார்த்தை எனக்கும் தொண்டை வரை வருகிறது. மாத்திரையோடு சேர்த்து அதையும் விழுங்கிவிடுகிறேன்.