குதிரைகள் இளைப்பாறும் தீவு

யோகோஹாமா துறைமுகத்தில் கடலைத் தூர்த்து எழுப்பிய தீவு டைகோக்கு. கிடங்குகளும் சரக்குக் கப்பல்களும்தான் அதன் உலகம். தலைக்கு மேலே விரைவுச் சாலைகள் ஒன்றையொன்று தாண்டி, சுருண்டு படுத்த மலைப்பாம்பு போல வளைந்து இறங்குகின்றன. அந்த வளையங்களின் நடுவே ஒரு வாகன நிறுத்துமிடம். கழிப்பறை, நூடுல்ஸ் கிடைக்கும் உணவகம், காசு போட்டால் சூடான காபி தரும் இயந்திரங்கள். சாதாரணத் தெருவிலிருந்து உள்ளே நுழைய வழி கிடையாது. விரைவுச் சாலையில் சுங்கம் கட்டி வரும் வண்டிகள் நின்று, டிரைவர்கள் சற்றே கண்ணயர்ந்து போவதற்கான இடம் அது.

வார இறுதியில் மாலை மங்கியதும் காட்சி மாறுகிறது. தரையோடு தரையாக ஊர்ந்து, அடித் தொண்டையில் உறுமியபடி கார்கள் வந்து சேர்கின்றன. வரிசையாக நின்றதும் ஒவ்வொன்றாக பானெட் திறக்கிறது. திருவிழாவில் சாமி பார்க்கும் பவ்யத்தோடு ஆட்கள் குனிந்து எஞ்சினைப் பார்க்கிறார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்துவிடும்: எத்தனை குதிரைத்திறன்?

இந்தக் கேள்வியின் கதை 1989ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நிஸ்ஸான் நிறுவனம் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காரின் புதிய வடிவத்தை விற்பனைக்கு விட்டது. அடுத்த மாதமே, டைகோக்குத் தீவை யோகோஹாமாவின் ஹொன்மோகு துறைமுகப் பகுதியோடு இணைக்கும் 860 மீட்டர் நீளமுள்ள பே பிரிட்ஜ் திறக்கப்பட்டது. காரும் அது ஓடுவதற்கான பாதையும் ஏறக்குறைய ஒன்றாகவே பிறந்தன.

காரின் எஞ்சினுக்கு ஆர்.பி.26 என்று பெயர். ஆறு சிலிண்டர், 2,568 சி.சி., இரண்டு டர்போ. அந்த விசித்திரமான சி.சி. கணக்குக்குக் காரணம் பந்தய விதி. டர்போ பொருத்திய எஞ்சின் என்றால் அதன் கொள்ளளவை 1.7ஆல் பெருக்கித்தான் எந்தப் பிரிவு என்று முடிவு செய்வார்கள். பெருக்கினால் 4,366 வருகிறது, 4,500க்குள் அடங்கிவிடும். பந்தயத்துக்கென்றே செய்த எஞ்சினைத்தான் கடையில் விற்றார்கள். 1990 முதல் 1993 வரை ஜப்பானின் குரூப் ஏ போட்டித் தொடரில் நடந்த 29 பந்தயங்களிலும் இந்தக் காரே வென்றது. பந்தயக் காரின் எஞ்சின் 500 குதிரைத்திறனைத் தாண்டியது.

கடையில் விற்ற காரின் விவரக் குறிப்பிலோ 280தான். 1988ல் ஜப்பானியச் சாலைகளில் 10 ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அரசின் கவலை புரிந்து, எந்த உள்நாட்டுக் காருக்கும் 280க்கு மேல் திறன் சொல்வதில்லை என்று கார் கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு வரம்பு வைத்துக்கொண்டன. 2004 வரை அது நீடித்தது. மாருதி 800ன் எஞ்சின் பெரும்பாலும் 40 குதிரைத்திறனைக்கூட எட்டாது என்பதை நினைத்தால் 280ஏ மிரட்டும். ஆனால் ஸ்கைலைன் வாங்கியவர்களுக்கு அது பூட்டிய பெட்டி. உள்ளே இன்னும் ஒரு மடங்கு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

முதல் பூட்டு சுலபமாகத் திறந்தது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது; அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இதுதான் டர்போ. காற்று அதிகமானால் பெட்ரோலை அதிகமாக எரிக்கலாம், திறன் கூடும். இந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சிறு குழாயில் நிஸ்ஸானே ஒரு துளியளவு தடையை வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு, அகலமான சைலன்சர் ஒன்றையும் மாட்டினால் 300ஐத் தாண்டிவிடலாம். அரை நாள் வேலை.

அதற்குப் பிறகுதான் எஞ்சின் தன் கணக்கைக் கேட்கத் தொடங்குகிறது. டர்போவில் புகைபட்டுச் சுழலும் சக்கரம் பீங்கான் வகைப் பொருளால் ஆனது. எடை குறைவு, அதனால் சட்டென்று வேகமெடுக்கும். ஆனால் அழுத்தத்தையும் சூட்டையும் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு நாள் அச்சிலிருந்து கழன்று நொறுங்கும். உலோகச் சக்கரம் உள்ள டர்போவுக்கு மாற வேண்டும். புதிய டர்போ இன்னும் அதிகக் காற்றைத் தள்ளும். அதற்கு ஈடாகப் பெட்ரோல் போகவில்லை என்றால் எஞ்சினில் நாக்கிங் வரும். பிஸ்டன் உருகி ஓட்டை விழும். ஆகவே பெரிய பெட்ரோல் பம்ப், பெரிய இன்ஜெக்டர்கள், அவற்றுக்கு ஆணையிடும் கம்ப்யூட்டரில் புதிய கணக்கு.

இலக்கு 600 என்றால் எஞ்சினைக் கீழே இறக்கியே ஆகவேண்டும். வார்ப்பு பிஸ்டன்களை எடுத்துவிட்டு, அடித்துச் செய்த பிஸ்டன்கள். சிலிண்டர் தலைக்கு அடியில் உலோக கேஸ்கெட். தொடக்க கால ஆர்.பி.26களில் ஆயில் பம்ப் பலவீனமானது. அதைச் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டின் விளிம்பு மிகக் குறுகல். அதிக சுழற்சியில் பம்பின் பற்சக்கரம் உடைந்தால் சில நொடிகளில் எண்ணெய் இல்லாமல் எஞ்சின் இறுகிவிடும். அதைச் சரி செய்தால் கிளட்ச் வழுக்கும். கிளட்சை மாற்றினால் கியர்பாக்ஸ் முனகும். பிறகு பிரேக். ஒவ்வொரு பாகமும் பலப்படும்போது அடுத்த பலவீனம் வெளியே வருகிறது. 280க்கும் 300க்கும் இடையே ஆன செலவை வைத்து 600க்கு மதிப்புப் போட்டவர்கள் பாதி வழியில் கடனாளி ஆகிறார்கள்.

இந்த வித்தை ஒரு தொழிலாகவே வளர்ந்தது. யமஹாவில் பொறியாளராக இருந்த ஹிரோயுகி ஹசெகாவா, ஃபூஜி மலை அடிவாரத்தில் 1973ல் தொடங்கிய எச்.கே.எஸ். நிறுவனம் உலகெங்கும் டர்போ விற்கிறது. பட்டறைகளில் காரை உருளைகள் மேல் ஏற்றி ஓட்டி, திறனை அளந்து காகிதத்தில் வளைகோடாகத் தருவார்கள். டைகோக்குவில் அந்தக் காகிதத்துக்குத் தனி மரியாதை.

காகிதம் சொல்லாத விஷயமும் உண்டு. பெரிய டர்போ சுழலத் தொடங்க நேரம் பிடிக்கும். சிக்னலில் நின்று கிளம்பும்போது 600 குதிரைத்திறன் கார், கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்ததைவிட மந்தமாக இருக்கும். அழுத்தம் ஏறியதும் திடீரென்று பின்னாலிருந்து உதைத்தது போலப் பாயும். அந்தப் பாய்ச்சலுக்கு இடம் வேண்டும். டோக்கியோ விரிகுடாவை ஒட்டி 60 கிலோமீட்டருக்கு மேல் நீளும் வாங்கன் சாலை நேராகவும் அகலமாகவும் கிடக்கிறது. ஆனால் அங்கே வேக வரம்பு 80.

1980களிலும் 1990களிலும் நள்ளிரவில் அந்த வரம்பை மீறி ஓட்டியவர்கள் பலர். சிலர் வீடு திரும்பவில்லை. அதே சாலையில் மீன் லாரியும் பணி முடிந்து திரும்பும் குடும்பஸ்தர்களும் போனார்கள். எந்தப் பந்தயத்துக்கும் சம்மதிக்காதவர்கள். கேமராக்களும் ரோந்தும் பெருகின. இன்று முழுத் திறனையும் காண விரும்புகிறவர் பணம் கட்டி ஃபூஜி ஸ்பீட்வேக்குப் போகிறார். அங்கே நேர்பாதை மட்டும் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்.

காலமும் தன் பங்கைக் கேட்கிறது. புகை விதிகள் கடுமையானதால் 2002ல் ஆர்.பி.26 எஞ்சின் கொண்ட ஸ்கைலைன்களின் உற்பத்தி நின்றது. 25 ஆண்டு கடந்த வெளிநாட்டுக் கார்களை அமெரிக்கா அனுமதிப்பதால் 2014 முதல் கப்பல் கப்பலாக அங்கே போய்க்கொண்டிருக்கின்றன. ஜப்பானிலேயே விலை எட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டது. கிடைக்காமல் போன உதிரி பாகங்கள் சிலவற்றை நிஸ்ஸான் 2017ல் மீண்டும் விற்க முன்வந்தது. உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற துணிச்சலில்தான் ஒரு காலத்தில் அழுத்தத்தை ஏற்றினார்கள். இப்போது உடைந்தால் போனது போனதுதான். 600ஐ எட்டுவதைவிட எஞ்சினை இன்னும் 20 ஆண்டு உயிரோடு வைத்திருப்பது கடினமான இலக்காகிவிட்டது.

டைகோக்குவில் கூட்டம் அளவு மீறியதும் போலீஸ் வண்டி வருகிறது. நிறுத்துமிடத்தை மூடப்போவதாகவும் எல்லோரும் கிளம்ப வேண்டும் என்றும் ஒலிபெருக்கி அறிவிக்கிறது. யாரும் வாதாடுவதில்லை. பானெட்டுகள் மூடுகின்றன. இலக்கை எட்டியவை, எட்டாதவை, எட்டி உடைந்து மறுபடி கட்டியவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வளைவுப் பாதையில் ஏறுகின்றன. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி. அதன் பின்னே, லாரியின் வேகத்தில், அத்தனை குதிரைகளும் வீட்டுக்குப் போகின்றன.