இரண்டு பூனை, ஒரே நடை
கடல் கடந்த மடல் – சிங்கப்பூர்

சங்கரன்கோவில் வாசகர்களுக்கு,

சிங்கப்பூரில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் குடியிருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில். இங்குள்ள தமிழர்கள் சுருக்கமாக வீவக வீடு என்பார்கள். அந்த வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1-ஆம் தேதி அது நீங்கியது. இப்போது வீட்டுக்கு இரண்டு பூனை வரை வளர்க்கலாம். உரிமம் எடுக்க வேண்டும், தோலுக்கடியில் மைக்ரோசிப் பதிக்க வேண்டும், பூனை தவறி விழாமல் ஜன்னல்களுக்கு வலை அடிக்க வேண்டும்.

இரண்டு வரை அனுமதி உண்டு என்றதும், இருக்கிற பூனைக்குத் துணையாக இருக்கட்டும் என்று இன்னொன்றையும் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அன்புதான் அப்படிச் செய்ய வைக்கிறது. ஆனால் பல வீடுகளில் சிக்கல் தொடங்குவதும் அந்த இரண்டாவது பூனை வந்த பிறகுதான்.

மாடியும் புறவாசலும் உள்ள ஊர் வீட்டில் வளரும் பூனைக்கு ஓட்டின் மேல் ஒரு வழி, சுவரோரம் ஒரு வழி, வேலிக்கு அடியில் ஒரு வழி என்று போக்கிடம் நிறைய. எதிரில் ஒரு கடுவன் வந்தால் இது மதில் ஏறிப் போய்விடும். கழிப்பதற்கும் தோட்டத்து மண் இருக்கிறது. வீவக வீட்டில் இருப்பது ஒரு கூடம், இரண்டு மூன்று அறை, அவற்றை இணைக்கும் ஒரு குறுகிய நடை.

அந்த நடையின் நடுவில் ஒரு பூனை படுத்திருக்கிறது. சீறவில்லை, நகத்தை நீட்டவில்லை. வால் நுனி மட்டும் துடிக்கிறது. அதன் கண், எதிரே சோபாவுக்கு அடியில் பதுங்கியிருக்கும் இன்னொன்றின் மேலேயே இருக்கிறது. ‘லிட்டர் பாக்ஸ்’ என்று கடையில் வாங்கிய மணல் தட்டு நடைக்கு அந்தப் பக்கம், கழிவறை வாசலில். சோபாவுக்கு அடியில் இருப்பது காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருக்கிறது. பார்க்கிற வீட்டுக்காரருக்கு இரண்டும் சமர்த்தாகப் படுத்திருப்பதாகத்தான் தோன்றும். மாலையில் மெத்தை நனைந்திருக்கும்.

“கொழுப்பெடுத்துப் போய்ப் பண்ணுது” என்று ஊரில் பெரியம்மாமார் சொல்வார்கள். இங்கும் அதே பேச்சுதான், அதே அடிதான். ஆனால் பூனை வஞ்சம் வைத்துக்கொண்டு மெத்தையை நனைப்பதில்லை. போக வழியில்லாததால் நனைக்கிறது. அடித்தால் பயம் கூடும், பயம் கூடினால் நனைவதும் கூடும். நனைந்த மெத்தையைப் பார்த்து மனம் வெறுத்து, பூனையை வெளியே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியாகத் திரிந்து தனியாக வேட்டையாடும் பிராணி. நாய்களைப் போலச் சண்டைக்குப் பின் சமாதானமாகும் வழக்கம் பூனைகளிடம் பெரிதாக இல்லை. விலகிப் போவதுதான் அவற்றின் வழி. நாக அரசர்களான சங்கனும் பதுமனும் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று போட்ட வழக்கை இருவரும் ஒரே திருமேனியாகத் தோன்றித் தீர்த்து வைத்த ஊர் சங்கரன்கோவில். பூனைகளின் வழக்குக்கு நேர்மாறான தீர்வு வேண்டும்: எல்லாவற்றையும் பிரித்து வைக்க வேண்டும்.

அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கமும் பன்னாட்டுப் பூனை மருத்துவ அமைப்பும் 2013-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி சொல்வதும் இதைத்தான். சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு, படுக்கை, நகம் கீறும் கட்டை ஆகிய எல்லாம் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி இருக்க வேண்டும். மணல் தட்டுக்கு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு, பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டுவது. இரண்டு பூனைக்கு மூன்று தட்டு. மூன்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே இடம்தான். வழிமறிப்பவனுக்கு வேலை சுலபம். தட்டின் நீளம் மூக்கு முதல் வால் அடி வரையான பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். மூடி போட்ட பெட்டிக்குள் போன பூனை வாசலில் மாட்டிக்கொள்ளும் என்பதால் திறந்த தட்டே மேல். வாசனை சேர்க்காத நைசான மணல் போட்டு, தினமும் அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும்.

இந்த மணலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர், பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் தன் பூனைக்கு மணல் கேட்டபோது, எண்ணெயை உறிஞ்ச விற்றுவந்த களிமண்ணைக் கொடுத்தார். அது பெரிய வியாபாரமாக வளர்ந்தது. ஈரம் பட்டதும் கட்டியாகும் பென்டோனைட் மணல் 1980-களில் வந்தது. அந்தக் களிமண் குஜராத்தின் கச்சிலும் வெட்டி எடுக்கப்படுகிறது.

நனைந்த இடத்தைக் கழுவப் பலரும் பினாயிலை எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பினாயில் வகை மருந்துகளை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் பட்டு, நக்கினால் நஞ்சாகும். அமோனியா கலந்த திரவமும் கூடாது. அந்த வாடை மூத்திர வாடையை ஒத்திருப்பதால் பூனை அதே இடத்துக்குத் திரும்பும். என்சைம் கலந்த திரவம்தான் வாடையை அடியோடு போக்கும்.

சண்டை ஏற்கெனவே முற்றியிருந்தால், இரண்டையும் தனித்தனி அறையில் வைத்து அறிமுகத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றின் கன்னத்தில் தடவிய துணியை மற்றதன் படுக்கையருகே போடலாம். மூடிய கதவின் இரு பக்கமும் தட்டு வைத்து ஒரே நேரத்தில் சாப்பாடு கொடுக்கலாம். இரண்டும் நிதானமாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு வலைக்கதவு வழியாகப் பார்க்க விடலாம். ஒன்று முறைத்தாலோ, சாப்பிடுவதை நிறுத்தினாலோ ஒரு படி பின்னால் போக வேண்டும். வாரக்கணக்கில் ஆகும், சில ஜோடிக்கு மாதக்கணக்கிலும் ஆகும். கடுவனுக்குக் கருத்தடை செய்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். செய்தால் சுவரில் பீய்ச்சும் பழக்கம் பெரும்பாலான கடுவன்களிடம் குறைந்துவிடும்.

இத்தனைக்கும் முன்னால் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். மனஅழுத்தத்தாலேயே பூனையின் மூத்திரப்பை அழற்சி கொள்ளும். கடுவன் தட்டுக்குப் போய்ப் போய் முக்கியும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால் மூத்திரக்குழாய் அடைபட்டிருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். சங்கரன்கோவில் பக்கம் பூனை வளர்ப்பவர்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் மூத்திரம் அடைபட்ட கடுவனை விடியட்டும் என்று வைத்திருக்காமல், உடனே எந்த மருத்துவர் கிடைக்கிறாரோ அவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.