நாலு வருஷக் கட்டம்

நேற்றிரவு அக்கா மகள் சிஆர் கொப்பித் தாளில் கட்டம் போட்டுப் படம் அனுப்பியிருந்தாள். உளவியல் சிறப்புப் பட்டத்துக்கு நாலு வருஷத்தில் எதை எப்போது படிப்பது என்ற திட்டம். மொத்தம் 120 திறமைப்புள்ளி, வருஷத்துக்கு 30. புள்ளிவிபரவியலைக் கடைசி வருஷத்துக்குத் தள்ளியிருந்தாள். கணக்கென்றால் பயம்.

"அதை முன்னுக்குக் கொண்டு வா புள்ள. புள்ளிவிபரமும் ஆய்வு முறையும் தெரியாமல் கடைசி வருஷ ஆய்வை எழுத ஏலாது" என்றேன்.

"சரி மாமா" என்றவள், ஆய்வுக்கான கட்டத்தில் பென்சிலால் ஏற்கெனவே எழுதியிருந்ததைக் காட்டினாள்: 'மழைச் சத்தம்'.

எனக்குப் பேச்சு வரவில்லை. 2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணி போல எங்கள் மலையகத்து மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு. இன்றும் தகரத்தில் மழை பலமாக விழுந்தால் எங்கள் பக்கத்தில் பலர் தூங்குவதில்லை.

இந்தப் பட்டம் மட்டும் அவளைச் சிகிச்சை உளவியலாளராக ஆக்காது. அதற்குப் பட்டப்பின் படிப்பும் பயிற்சியும் வேண்டும். பாதை நீளம்தான். ஆனாலும் தோட்டத்துப் பிள்ளையின் பயத்தைத் தோட்டத்துத் தமிழிலேயே கேட்க ஒருத்தி வருகிறாள்.

படி மகளே. நாங்கள் காத்திருப்போம்.