வண்டி உதறியது ஏன்? பதில் மனைவியின் கணக்கு நோட்டில் இருந்தது!

கணவர் வண்டி ஓட்டுகிறார். கணக்கு மனைவியிடம். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தம்பதி அவர்கள். சுற்றியுள்ள தோட்டங்களில் தக்காளி, முருங்கை, கத்திரி என்று ஏற்றிக்கொண்டுபோய் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் இறக்குவதுதான் தொழில். இருப்பது ஒரே ஒரு டீசல் பிக்கப். அது ஓடினால்தான் மாதா மாதம் டியூ கட்ட முடியும். ஸ்கூல் ஃபீஸ், மளிகை எல்லாமும் அதிலிருந்துதான்.

அந்த வண்டி ஒருநாள் உதற ஆரம்பித்தது. ரோட்டில் போகும்போது பெரிதாகத் தெரியாது. லோடு ஏற்றுவதற்காக நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்யாமல் விட்டால் போதும். ஸ்டீயரிங் ஆடும், கண்ணாடி நடுங்கும், கியர் ராடு தன்னால் குலுங்கும். அதிகாலையில் ஸ்டார்ட் ஆவதற்கும் நேரம் எடுத்தது.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் சத்தத்தைக் கேட்டதுமே சொல்லிவிட்டார்கள். "இன்ஜெக்டர் போயிடுச்சு. நாலையும் மாத்திடுங்க. 60,000 ரூபாய் ஆகும்."

வீட்டில் அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி பீரோவைத் திறந்து செயினை எடுத்து வெளியே வைத்தார். ஆனால், அடகுக் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒன்று கேட்டார். "ஏங்க, இன்னொரு இடத்துல காட்டிட்டு அப்புறம் வைப்போமா?"

நிற்கும்போது மட்டும் ஏன் உதறுகிறது?

ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் தானாக ஓடுவதைத்தான் ஐடிலிங் என்கிறோம். இந்த மாதிரி நான்கு சிலிண்டர் இன்ஜின், ஐடிலிங்கில் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒரு சிலிண்டரில் டீசல் எரியும். அப்படிப் பார்த்தால், ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 முறை தள்ளுகிறது.

நான்கும் ஒரே பலத்தில் தள்ளினால் இன்ஜின் சீராக இருக்கும். ஒன்று சோர்ந்தாலும் நொடிக்கு ஆறேழு முறை இடறல் விழும். வேகமாகச் சுற்றும்போது ஃப்ளைவீலின் வேகம் அந்த இடறலை விழுங்கிவிடும். மெதுவாகச் சுற்றும்போது மறைக்க வழியில்லை.

ஆனால், உதறலுக்குக் காரணம் ஒன்றல்ல. இன்ஜெக்டர் தேய்ந்திருக்கலாம். டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். டீசல் லைனில் காற்று புகுந்திருக்கலாம். இ.ஜி.ஆர் வால்வில் கரி பிடித்திருக்கலாம். சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்டிங் கிழிந்திருக்கலாம். இதில் சில, சில நூறு ரூபாயில் முடியும். சில, சேமிப்பையே துடைத்துவிடும். முதல் ஒர்க்‌ஷாப்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. தேய்ந்த இன்ஜெக்டரும் இதே மாதிரிதான் உதறும். அவர் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"எப்போ இருந்து?"

இரண்டாவதாகப் போனது மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்னப் பட்டறை. மெக்கானிக்குக் கிட்டத்தட்ட 60 வயது. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால், காய்ச்சலுக்குப் போனால் டாக்டர் கேட்பாரே, அதே கேள்வியைக் கேட்டார்.

"எப்போ இருந்து தம்பி இப்படி?"

"ஒரு மாசம் இருக்கும்ணே."

கூட வந்திருந்த மனைவி பையிலிருந்து நோட்டை எடுத்தார். டீசல், பஞ்சர், லோடுமேன் கூலி என்று எல்லாம் தேதிவாரியாக எழுதியிருந்த நோட்டு அது.

"இல்லீங்கண்ணா. 16-ம் தேதி டீசல் ஃபில்டர் மாத்தினோம். மறுநாள் காலையில செல்ஃப் ரொம்ப நேரம் அடிச்சுதான் ஸ்டார்ட் ஆச்சு. மார்க்கெட்டுக்கு லேட்டாப் போனதால தக்காளிப் பெட்டிக்கு 40 ரூபாய் குறைச்சுதான் எடுத்தாங்க. அதை எழுதிவெச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி வண்டி நல்லாத்தான் இருந்துச்சு."

மெக்கானிக் சிரித்தார். "பாதி வேலையை நீயே முடிச்சிட்டம்மா."

டியூபில் தெரிந்த குமிழ்

முதலில் ஆர்பிஎம் முள்ளைப் பார்த்தார். முள் அசையாமல் நின்று வண்டி மட்டும் அதிர்ந்தால், மவுன்டிங் மீதுதான் முதல் சந்தேகம். இங்கே முள்ளே மேலும் கீழும் அலைந்தது. கோளாறு எரிபொருள் பக்கம் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்து, ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு டியூபைச் சொருகி ஸ்டார்ட் செய்தார். டீசலோடு சேர்ந்து குமிழ் குமிழாகக் காற்று ஓடியது. அதே டியூபை ஃபில்டருக்கு முன்னால் மாற்றிப் பார்த்தார். அங்கே குமிழே இல்லை. அப்படியானால், காற்று புகுவது ஃபில்டர் இருக்கும் இடத்தில்தான்.

கழற்றிப் பார்த்தபோது தெரிந்தது. ஃபில்டர் மாற்றும்போது பழைய ஹோஸை இழுத்ததில், கிளிப்புக்கு அடியில் நகக்கீறல் அளவுக்கு ஒரு விரிசல்.

"டீசல் ஒழுகவே இல்லையேண்ணே?" என்றார் கணவர்.

"ஒழுகாது தம்பி. இந்த வண்டியில பம்ப்புதான் டேங்க்ல இருந்து டீசலை உறிஞ்சுது. உறிஞ்சுற இடத்துல ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும்."

இளநீரை ஓட்டை ஸ்ட்ராவில் உறிஞ்சும் கதைதான். ராத்திரியில் வண்டி நிற்கும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, லைனில் இருந்த டீசல் டேங்க்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் செல்ஃப் நீண்ட நேரம் அடித்ததற்கு அதுதான் காரணம்.

இன்ஜெக்டரையும் அவர் விட்டுவிடவில்லை. நான்கின் ரிட்டர்ன் லைனிலும் தனித்தனி டியூப் போட்டு, நான்கு சின்ன பாட்டிலில் டீசலைப் பிடித்தார். தேய்ந்த இன்ஜெக்டர் இருந்தால், அதன் பாட்டில் மற்றதைவிடச் சீக்கிரம் நிறையும். இங்கே நான்கிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் 180 ரூபாய். கூலி 300. லைனில் இருந்த காற்றைக் கைப்பம்ப்பால் வெளியேற்றி ஸ்டார்ட் செய்ததும் முள் ஒரே இடத்தில் நின்றது. செயின் அன்றே பீரோவுக்குள் போனது.

வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு...

* உதறல் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா, ஏ.சி போட்டாலா? உதறும்போது ஆர்பிஎம் முள் அலைகிறதா?

* கோளாறு தொடங்குவதற்குச் சற்று முன்பு வண்டியில் என்ன வேலை நடந்தது என்று யோசியுங்கள். கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

* பெட்ரோல், சி.என்.ஜி வண்டி என்றால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், விரிசல் விட்ட வேக்கம் ஹோஸ், அழுக்கு படிந்த த்ராட்டில் பாடி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

* விலை அதிகமான பாகத்தை மாற்றச் சொன்னால், "என்ன டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்க?" என்று தயங்காமல் கேளுங்கள்.

* இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டருக்குப் போகும் உயரழுத்த பைப்பை நீங்களே கழற்றாதீர்கள். இப்போதைய டீசல் இன்ஜின்களில் அந்த அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இன்னொன்று. வண்டியில் எதை மாற்றினாலும் தேதி, இடம், செலவு மூன்றையும் நோட்டிலோ செல்போனிலோ குறித்து வையுங்கள். "எப்போ இருந்து?" என்று மெக்கானிக் கேட்கும்போது, "ஒரு மாசம் இருக்கும்" என்பதைவிட நல்ல பதில் உங்களிடம் இருக்கும்.