ரெட் சேனலில் ஒரு ஐபோன்

சிங்கப்பூரில் சையத் ஆல்வி சாலை முஸ்தபா சென்டருக்குச் சனிக்கிழமை இரவு போகிறவர், கூட்டம் தள்ளுகிற பக்கம்தான் நகர முடியும். மசாலாப் பொட்டலம், மாத்திரை, கைக்கடிகாரம், தங்கச் சங்கிலி என எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. மன்னார்குடியிலிருந்து வந்திருந்த ஒருவர் இவை எதையும் திரும்பிப் பார்க்காமல் கைப்பேசிகள் இருக்கும் பக்கமாகப் போய் நின்றார். 2024 டிசம்பர். சட்டைப்பையில் மகன் எழுதிக் கொடுத்த சீட்டு: ஐபோன் 16 ப்ரோ, 128 ஜிபி.

கூட வந்தது மனைவியின் தம்பி. பல வருடங்களாகச் சிங்கப்பூரில் கட்டட வேலைத்தளங்களில் இருப்பவர். “வாங்குறதுக்கு முன்னாடி கணக்குப் போட்டுருவோம் மச்சான்” என்று போனில் கால்குலேட்டரைத் திறந்தார்.

கணக்கு முதலில் இனிக்கத்தான் செய்தது. இந்தியாவில் அந்த போனின் அறிவிக்கப்பட்ட விலை 1,19,900 ரூபாய். சிங்கப்பூரில் 1,599 டாலர். அன்றைய நிலவரத்தில் டாலருக்கு 63 ரூபாய் என்று வைத்தால் ஒரு லட்சத்துச் சொச்சம். அதிலும் 9 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறது. சுற்றுலாப் பயணி அதை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். அது போனால் 92,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இந்தியாவில் கைப்பேசிக்கு ஜிஎஸ்டி மட்டுமே 18 சதவீதம்; இடைவெளியின் ஒரு பகுதி அதிலேயே இருக்கிறது. ஆக, கிட்டத்தட்ட 27,000 ரூபாய் மிச்சம்.

கசப்பு அடுத்த வரியில். அப்போது நடப்பிலிருந்த 2016ஆம் ஆண்டு பேக்கேஜ் விதிகளின்படி, சிங்கப்பூரிலிருந்து திரும்பும் இந்தியர் 50,000 ரூபாய் வரையிலான பொருளைத்தான் வரியில்லாமல் கொண்டுவரலாம். அதற்கு மேற்பட்ட தொகைக்கு 35 சதவீதச் சுங்கவரி, அந்த வரியின் மேல் 10 சதவீத சமூகநலக் கூடுதல் கட்டணம், மொத்தம் 38.5 சதவீதம். பில்லில் உள்ள விலையை அப்படியே எடுத்துக்கொண்டால் 50,000 ரூபாய்க்குச் சற்று மேலான தொகைக்கு வரி விழும்: ஏறத்தாழ 19,500 ரூபாய். மிச்சம் எட்டாயிரமாகச் சுருங்கிவிட்டது. ப்ரோ இல்லாத சாதாரண ஐபோன் 16 என்றால் இன்னும் மோசம். சிங்கப்பூரில் 1,299 டாலர், இந்தியாவில் 79,900 ரூபாய். ஒழுங்காக வரி கட்டினால் கைநஷ்டம்.

“பெட்டியப் பிரிச்சு சிம்மப் போட்டுக் கையில வச்சுக்கிட்டுப் போங்க. யாரு கேக்கப் போறா?” என்றார் மைத்துனர். இந்த யோசனையைச் சொல்லாத சிங்கப்பூர் உறவினர் இருக்க மாட்டார். பயன்படுத்திய சொந்தப் பொருளுக்கு விதியில் விலக்கு உண்டு என்பது உண்மை. நேற்று வாங்கிய போனைப் பயன்படுத்திய போன் என்று சொல்வது வேறு. மன்னார்குடிக்காரர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். வழிகாட்டி மதிப்பை இறக்கிக் கிரயம் எழுத வருகிறவர்களின் முகத்தைத் தினமும் பார்க்கிறவர். அந்த முகத்தைத் தான் அணிந்துகொள்ள அவருக்கு விருப்பமில்லை. “எட்டாயிரம் மிச்சமானா போதும்ப்பா” என்றார்.

இந்த எட்டாயிரம் ரூபாய்க் கணக்கு, பழைய காலத்தில் சிங்கப்பூர் போய்வந்த சபுராளிகளைச் சிரிக்க வைக்கும். 1970, 80களில் வெளிநாட்டிலிருந்து வந்த நேஷனல் பானாசோனிக் டேப் ரிக்கார்டரும் வி.சி.ஆரும் இந்தியாவில் மலிவா என்ற கேள்விக்கே இடமில்லை. இங்கே கிடைப்பதே அரிது. அந்த இடைவெளியில்தான் குருவிகள் பிழைத்தார்கள். விமானச் சீட்டும் கொஞ்சம் கூலியும் யாரோ கொடுக்க, யாருடைய சரக்கையோ தன் பெட்டிபோலத் தூக்கிவந்தவர்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காகச் சென்னையில் 1969இல் உருவான பர்மா பஜார், வெளிநாட்டுச் சாமானுக்கு மறுபெயரானதும் இப்படித்தான்.

பிறகு தட்டை டிவி வந்தது. விமான நிலையக் கன்வேயர் பெல்ட்டில் டிவிப் பெட்டிகள் வரிசையாக வந்த காலம் ஒன்று உண்டு. 35,000 ரூபாய்ச் சலுகைக்குள் அடங்கினால் வரி கிடையாது. 2013 ஆகஸ்டில் ரூபாய் சரிந்து, அந்நியச் செலாவணி கரைந்தபோது அரசின் கண் இந்தப் பெட்டிகள்மேல் விழுந்தது. ஆகஸ்ட் 26 முதல் தட்டை டிவிக்குச் சலுகையே இல்லை, முழு மதிப்புக்கும் வரி என்று ஆனது. சலுகைத் தொகை பின்னர் 45,000, 50,000 என்று ஏறியபோதும் டிவி மட்டும் வெளியிலேயே நின்றது. பயணிகள் எதைத் தூக்கிவருகிறார்கள் என்பதைக் கடைக்காரரைவிடச் சுங்கத்துறைதான் தீர்மானிக்கிறது. 18 வயது நிரம்பியவர் கொண்டுவரும் ஒரு லேப்டாப்புக்குத் தனி விலக்கு இருப்பதால், விவரம் தெரிந்தவர்கள் இப்போது அதைத்தான் வாங்குகிறார்கள்.

வாங்குவதற்கு முன் சிம் லிம் ஸ்கொயரையும் ஒரு நடை பார்த்துவிடலாமா என்று பேச்சு வந்தது. மைத்துனர் வேண்டாம் என்று தலையாட்டினார். மாடி மாடியாக எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் கொண்ட அந்தக் கட்டடத்தில் நியாயமான வியாபாரிகளும் உண்டு. ஆனாலும் 2014இல் அங்கே ஒரு வியட்நாமியப் பயணி ஐபோன் 6 வாங்கப் பணம் கட்டியபிறகு, வாரண்டிக்கென்று இன்னும் பெருந்தொகை கேட்கப்பட்டு, மண்டியிட்டு அழுத காட்சி உலகம் முழுக்கப் பரவியது. கடை உரிமையாளருக்கு மறுவருடம் 33 மாதச் சிறை. அந்தக் கதையை அங்கிருக்கும் தமிழர்கள் இன்னும் மறக்கவில்லை.

சாங்கி விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறுவது எளிது. 100 டாலருக்குக் குறையாமல் வாங்கியிருந்து, கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிந்திருந்தால், இயந்திரத்தின் முன் நின்று பாஸ்போர்ட்டை வைத்தால் போதும். கேட்டால் காட்டப் பொருள் கையில் இருக்க வேண்டும். திரும்பி வரும் தொகையில் கையாளும் கட்டணமாகக் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். எட்டாயிரம் இன்னும் கொஞ்சம் தேய்ந்தது.

திருச்சியில் அந்த வருடம் திறந்த புது முனையம். குடியேற்றச் சோதனை முடிந்து பெட்டியை எடுத்தவர்கள் பெரும்பாலும், வரி கட்ட எதுவும் இல்லாதவர்களுக்கான கிரீன் சேனல் பக்கமே நடந்தார்கள். மன்னார்குடிக்காரர் பில்லோடு, வரிக்குரிய பொருளை அறிவிக்கும் ரெட் சேனலுக்குப் போனார். அவருக்கு முன்னால் ஒரு குடும்பம். தள்ளுவண்டியில் ஆள் உயர டிவிப் பெட்டி.

“நாங்க நாலு பேர் சார். நாலு அம்பதாயிரம்.”

அப்படிச் சேர்த்துக் கணக்கிட விதியில் இடமில்லை என்றார் அதிகாரி. ஒருவருடைய சலுகையை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது; டிவிக்கோ சலுகையே கிடையாது. 40,000 ரூபாய் டிவிக்கு 15,400 ரூபாய் வரி. குடும்பத் தலைவர் கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு அட்டையை நீட்டினார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம், “இதே டிவி திருச்சியில என்ன விலைங்க?” என்று கேட்டார்.

மன்னார்குடிக்காரர் தெரியாது என்றார். அவர் மகனுக்கான போனின் விலையை மட்டும்தான் விசாரித்து வைத்திருந்தார். அதிலும் ஊர்க் கடைகளில் வங்கி அட்டைக்குக் கிடைக்கும் தள்ளுபடியைச் சேர்க்கவில்லை என்பது, வரி ரசீதை வாங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. வெளியே டாக்ஸிக்காரர், டிவிப் பெட்டியை வண்டியின் மேல் கட்டுவதற்குத் தனியாக முந்நூறு ரூபாய் கேட்டுக்கொண்டிருந்தார்.