வெள்ளி மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பும் அருட்பணி

தெற்குக் கலிஃபோர்னியாவின் புறநகர்த் திருச்சபைகளில் ஆண்டுக்கு ஓரிரு முறை காணக்கூடிய காட்சி இது. வெள்ளிக்கிழமை மாலை வேன்கள் வரிசையாக நிற்கும். கித்தார், வண்ணப்பூச்சு வாளிகள், சிறுவர்க்கான வேதாகமப் படங்கள், துணி மூட்டைகள், குடிநீர்ப் புட்டிகள் ஏற்றப்படும். ஒரே நிறச் சட்டை அணிந்த இளைஞர்கள் வட்டமாகக் கைகோத்து ஜெபிப்பார்கள். இருட்டிய சிறிது நேரத்தில் அவர்கள் சான் இசிட்ரோ எல்லையைக் கடந்து மெக்சிகோவின் திஹுவானா நகருக்குள் நுழைந்திருப்பார்கள். சனிக்கிழமை ஒரு சபை, ஞாயிறு காலை இன்னொரு சபை, இரவுக்குள் வீடு. திங்கட்கிழமை வகுப்பும் அலுவலகமும் வழக்கம்போல் நடக்கும்.

இதைக் கேலி செய்வது எளிது. கல்விப்புலத்தில் அந்தக் கேலிக்குப் பஞ்சமும் இல்லை. 'சமயச் சுற்றுலா' என்ற இரு சொற்களோடு பலர் இப்பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ராபர்ட் வுத்னோ 2009இல் வெளியிட்ட நூலில் தரும் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 லட்சம் அமெரிக்கத் திருச்சபையினர் இத்தகைய குறுங்கால அருட்பணிப் பயணமாக வெளிநாடு செல்கிறார்கள். இத்தனை பேர் தம் விடுமுறையையும் கைப்பணத்தையும் செலவிட்டு மேற்கொள்ளும் ஒரு செயலை ஒரு சொற்சிலேடையால் கடந்துவிட முடியாது. இதன் வரலாறும் நீண்டது. 1957ஆம் ஆண்டுக் கோடையில் ஜார்ஜ் வெர்வர் என்ற கல்லூரி மாணவர் இரு நண்பர்களோடு ஸ்பானிய மொழிச் சமய நூல்களை ஏற்றிக்கொண்டு மெக்சிகோவுக்குப் புறப்பட்டார். பின்னாளில் உலகெங்கும் கப்பல்களை அனுப்பிய ஓர் இயக்கத்தின் தொடக்கம் அது.

வரவேற்கும் சபையின் பக்கம் நின்று பார்த்தால் காட்சி மாறுகிறது. மெக்சிகோவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் 77.7 விழுக்காடு, புராட்டஸ்டன்டு மற்றும் நற்செய்திச் சபையினர் 11.2 விழுக்காடு. 1992இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்படும்வரை எந்தத் திருச்சபைக்கும் அந்நாட்டில் சட்டப்படியான தகுதி இருக்கவில்லை. தெற்கே சியாபாஸ் மாநிலத்தின் சாமுலா போன்ற ஊர்களில், மதம் மாறியதற்காகவே ஆயிரக்கணக்கானோர் 1970களிலிருந்து சொந்த மண்ணைவிட்டு விரட்டப்பட்டார்கள். இந்தப் பின்னணியில், நாற்பது பேர் கூடும் ஒரு தகரக் கூரைச் சபைக்கு வெளிநாட்டார் வந்து அமர்வதன் பொருளை வெறும் பணத்தால் அளக்க முடியாது. 'நீங்கள் தனியர் அல்லர்' என்று அந்த வருகை சொல்கிறது. தெருவார் முன்னிலையில் சொல்கிறது. விமரிசகர்கள் பலரும் கவனிக்கத் தவறும் இடம் இதுவே.

வருகைக்கு விலையும் உண்டு. இத்தகைய சபைகளின் போதகர் பெரும்பாலும் வார நாட்களில் வேறு தொழில் செய்து பிழைப்பவர். விருந்தினர் வரும் சனிக்கிழமை அவருக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. சபைப் பெண்கள் விடியுமுன்பே சமையலைத் தொடங்குகிறார்கள். விருந்தினரோ, வயிறு கெடும் என்ற எச்சரிக்கையோடு அனுப்பப்பட்டவர்கள். சொந்தக் குடிநீரோடும் சில வேளைகளில் சொந்த உணவோடும் வருபவர்கள். கொடையைப் பற்றி 1925இல் எழுதிய மார்செல் மோஸ், கொடுப்பது, பெறுவது, திருப்பித் தருவது என மூன்று கடமைகளைப் பிரித்துக் காட்டினார். எல்லைக்கு அப்பாலிருக்கும் சபையிடம் திருப்பித் தர இருப்பது அந்தச் சோறு ஒன்றுதான். அதைத் தொடாமல் எழுவது எத்தகைய செயல் என்பதைப் பந்தியின் அரசியலைப் படித்த இந்திய ஆய்வாளருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

திரும்பியபின் சொல்லப்படும் 'சாட்சி' தனியே ஆராயத்தக்கது. வீட்டன் கல்லூரி மானுடவியலாளர் பிரையன் ஹோவெல், டொமினிக்கன் குடியரசுக்குச் சென்ற ஒரு திருச்சபைக் குழுவோடு தாமும் பயணித்து 2012இல் ஒரு நூல் எழுதினார். அவருடைய முடிவு சங்கடமானது: பயணத்தின் கதை பயணத்திற்கு முன்பே உருவாகிவிடுகிறது. ஆயத்தக் கூட்டங்களிலும் நிதி திரட்டும் கடிதங்களிலும் எதைக் காணவேண்டும், அதை எப்படிச் சொல்லவேண்டும் என்பது கற்பிக்கப்படுகிறது. போனவர்கள் அதையே கண்டு திரும்புகிறார்கள். ஹோவெல் நம்பிக்கைக்கு வெளியே நின்று எழுதியவர் அல்லர் என்பதால் அவருடைய சொல்லுக்கு எடை கூடுகிறது.

அந்தச் சாட்சிகளில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு கருத்து, 'அவர்களிடம் ஒன்றுமில்லை, ஆனாலும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்' என்பது. நல்லெண்ணத்தில் பிறந்த சொல்தான். ஆயினும், ஏன் ஒன்றுமில்லை என்ற கேள்வியை அது மூடிவிடுகிறது. எல்லையிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தெற்கே சான் கின்டின் பள்ளத்தாக்கு இருக்கிறது. அருட்பணிக் குழுக்கள் நெடுங்காலமாகச் சென்றுவரும் இடம். வஹாகா மாநிலத்திலிருந்து புலம்பெயர்ந்த மிஸ்டெக், திரிக்கி மொழி பேசும் பழங்குடி மக்கள் அங்கே தக்காளியும் ஸ்ட்ராபெரியும் பறிக்கிறார்கள். பறித்ததில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குச் செல்கிறது. 2015 மார்ச்சில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி நெடுஞ்சாலையை மறித்தார்கள். நூறு பெசோவைச் சற்றே தாண்டிய நாட்கூலியை 300 பெசோவாக உயர்த்தும்படி கேட்டார்கள். விருந்தினர் தம் வீட்டில் காலை உணவோடு உண்ணும் பழமும் விருந்தளிப்பவரின் வறுமையும் ஒரே வயலில் விளைந்தவையாக இருக்கக்கூடும். துணி மூட்டையோடு வருபவருக்கு இந்தத் தொடர்பை எந்த ஆயத்தக் கூட்டமும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தவரும் ஒருவர் உண்டு. 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைச் சிதைத்தபின், கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர், வட அமெரிக்கக் குழுக்கள் கட்டிய வீடுகளையும் உள்ளூர்க் கிறித்தவ அமைப்புகள் கட்டிய வீடுகளையும் ஒப்பிட்டார். ஒரு குழுவின் பயணச் செலவு சுமார் 30,000 டாலர், ஒரு வீட்டின் செலவு சுமார் 2,000 டாலர். வீடு பெற்ற குடும்பங்களிடம், கட்டியவர் யார் என்பதால் நிலைத்த வேறுபாடு எதையும் அவர் காணவில்லை. பயணம் தம்மை மாற்றிவிட்டதாகவும் தாம் கூடுதலாகக் காணிக்கை தருவதாகவும் சென்றுவந்தோர் கூறினர். நன்கொடைப் பதிவேடுகள் அதை உறுதிசெய்யவில்லை. ஆனால் இந்த எண்களை வைத்துப் பயணங்களை நிறுத்திப் பணத்தை அனுப்பினால் போதும் என்ற முடிவுக்கு வருவதும் அவசரமே. காசோலை எவரோடும் அமர்ந்து உண்பதில்லை.

வேறு விதமான பயணமும் நடந்திருக்கிறது. வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்த் திருச்சபையினர் தம் சொந்தக் காணிக்கையில் கடல் கடந்து இந்தியப் பகுதிக்கு ஊழியரை அனுப்பிவந்ததைக் கண்டு நாணினார். மறு ஆண்டே திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் பிறந்தது. கொடுக்கச் சென்ற பயணமன்று அது. கற்றுத் திரும்பிய பயணம். 1910இல் எடின்பரோ மாநாட்டில், மேலை மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே அவர் கேட்டதும் பணத்தையோ தியாகத்தையோ அன்று, சமமான நட்பையே. அவையில் சிலருக்கு அது கசந்தது. 1912இல் தோர்ணக்கல்லின் முதல் பேராயராகி, ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற இடத்தையும் அவர் பெற்றார்.

நட்பென்றால் போக்கும் வரவும் வேண்டும். ஞாயிறு மாலை சான் இசிட்ரோவில் வடக்கு நோக்கிய வண்டிகள் மணிக்கணக்கில் ஊர்கின்றன. இடையிடையே பொம்மையும் போர்வையும் சுரோஸ் பலகாரமும் விற்பவர்கள் நடக்கிறார்கள். காத்திருப்பு எரிச்சலூட்டினாலும் முடிவு உறுதியானது. கடவுச்சீட்டைக் காட்டினால் கதவு திறக்கும். காலையில் அவர்களை வழியனுப்பிய போதகர் அதே எல்லையைக் கடக்க வேண்டுமானால், திருப்பித் தரப்படாத கட்டணம் செலுத்தி, நேர்காணலில் தமக்கு நிலையான வருமானமும் திரும்பி வருவதற்கான காரணமும் உண்டு என்று அலுவலர் ஒருவரை நம்பவைக்க வேண்டும். நாற்பது பேர் கொண்ட சபையின் போதகர் என்பது அந்த மேசையில் எவ்வளவு செல்லுபடியாகும் என்பது அலுவலரின் மனத்தைப் பொறுத்தது. ஓர் அமெரிக்கச் சபை தன் பயண நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, அழைப்புக் கடிதம் எழுதி, அவர் ஒரு ஞாயிறு தன் பிரசங்க மேடையில் ஸ்பானிய மொழியில் பேசவேண்டும் என்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.