இரண்டு வண்டிகளும் ஒரு கண்டி வீதியும்

கண்டி வீதியால் தெற்கே போகாத யாழ்ப்பாணத்துக் குடும்பம் அரிது. நாமும் எத்தனையோ முறை போயிருக்கிறோம். ஆயினும், கையில் கொப்பியும் பென்சிலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு லீற்றர் பெற்றோலுக்கும் கணக்கெழுதியபடி போனது இந்த முறைதான். மூத்த மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அனுமதி கிடைத்துவிட்டது. இனி அவ்வீதி எமக்குத் திருவிழாக்காலப் பிரயாணமன்று. வீட்டிலிருந்து பிள்ளைக்குப் போகும் பாதை.

எமது பழைய கார் முப்பது பிராயத்தைக் கடந்தது. ஓடும், ஆனால் நிலத்தோடு நிலமாகத் தாழ்ந்த ஆசனம். அம்மாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தபின், அதனுள் அவரை இருத்துவதும் எழுப்புவதும் இருவர் செய்யும் வேலையாயிற்று. சற்று உயரமான, பெற்றோலை அளவோடு குடிக்கின்ற, குடும்பத்துக்குப் போதுமான சிறிய எஸ்.யூ.வி. ஒன்று வேண்டும் என்று வீட்டில் முடிவாயிற்று. ஊரில் இவற்றையெல்லாம் 'ஜீப்' என்றே சொல்லுவார்கள். உண்மையில் இவற்றுட் பல இரு சக்கரங்களால் மட்டுமே இழுக்கப்படுபவை. காட்டுக்கும் சேற்றுக்கும் உரியவையல்ல. உயர்த்திக் கட்டிய கார் என்பதே பொருந்தும்.

மைத்துனரிடம் 2018ஆம் ஆண்டு ஹொண்டா வெசெல் இருந்தது. ஒன்றரை லீற்றர் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். அதை எமக்கே தருவதாகச் சொன்னார். உறவினரின் வண்டியை வாங்குவதும் சங்கடம், மறுப்பதும் சங்கடம். மற்றொன்று டொயோட்டா ரைஸ். ஜப்பானில் 2019 நவம்பரில் அறிமுகமானது. நான்கு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளம். மூன்று சிலிண்டர்களும் டர்போவும் கொண்ட ஒரு லீற்றர் பெற்றோல் இயந்திரம். இவ்வண்டியின் விலை பல இலட்சம் குறைவு. வெசெல் என்றால் லீசிங் எடுக்கவேண்டும். ரைஸ் என்றால் கையிருப்பும் பழைய கார் விற்ற காசும் போதும்.

கடதாசியில் உள்ள எண்களைப் பார்த்தால் வழக்கே இல்லை. அந்தத் தலைமுறை வெசெல் லீற்றருக்கு 27 கிலோமீற்றர் வரை ஓடும் என்றும், ரைஸ் 18.6 என்றும் ஜப்பானிய அட்டவணைகள் கூறும். ஆனால் முதலாவது எண் ஜேசி08 என்ற பழைய சோதனையில் வந்தது; இரண்டாவது, பின்னர் வந்த கடுமையான டபிள்யூ.எல்.ரி.சி. சோதனையில் வந்தது. இரண்டு வெவ்வேறு முழக்கோல்களால் அளந்த துணிகளை ஒப்பிடுவது எங்ஙனம்? ஆகவே ரைஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்து, இரு வண்டிகளையும் ஒரே நாளில், ஒரே வீதியில் ஓட்டிப் பார்க்கத் துணிந்தோம்.

அதிகாலை நாலரை மணிக்கு ஒரே நிலையத்தில் இரு தாங்கிகளையும் நிரப்பினோம். குழாய் முனை தானாக நின்றவுடன் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் ஒரு துளியும் விடலாகாது. மறுமுறை நிரப்பும்போதும் அப்படியே. இடையில் ஓடிய தூரத்தை, நிரம்பிய லீற்றரால் பிரித்தால் வருவதே மெய்க்கணக்கு. வண்டியின் திரை காட்டும் எண் பெரும்பாலும் சற்றுப் புகழ்ந்தே பேசும். வண்டிக்கு மூவராக, சக்கரக் காற்றையும் சரிபார்த்துக்கொண்டு புறப்பட்டோம்.

ஆனையிறவில் பொழுது விடிந்தது. இருபுறமும் நீர், அதன்மேல் செம்மை. இவ்வீதி 2002இல் திறந்ததும், 2006இல் மூடியதும், 2009இல் மீண்டும் திறந்ததும் எமது தலைமுறைக்கு மறக்கும் கதையல்ல; பின்னாசனத்திலிருந்த இளையவனுக்கோ அது வெறும் நேர்கோடு. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டோம். மாங்குளம், ஓமந்தை, வவுனியா, மதவாச்சி என்று வீதி சமமாக ஓடியது. ஊர்களுக்கு வெளியே சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அதற்குமேல் போகப்போக உயர்ந்த உடலுடைய வண்டி காற்றோடு மல்லுக்கட்டிப் பெற்றோலை இழக்கும். அன்று நாம் அவ்வேகத்தைத் தாண்டவில்லை. லொறிகளே எம்மைத் தாண்டிச் சென்றன.

தம்புள்ளையில் நிரப்பியபோது, ஏறக்குறைய 250 கிலோமீற்றருக்கு வெசெல் 12 லீற்றரும் ரைஸ் 15 லீற்றரும் குடித்திருந்தன. வித்தியாசம் மூன்றே லீற்றர். மைத்துனரின் முகத்தில் ஒரு சிறு ஏமாற்றம் தெரிந்தது. ஹைபிரிட்டின் திறமை அடிக்கடி பிரேக் போடுமிடத்தில்தான் மிகுதியாக வெளிப்படும். தடையற்ற நேர்வீதியில் அதற்கு மீட்டெடுக்க என்ன இருக்கிறது?

அங்கே அம்மாவை வண்டி மாற்றி இருத்தினோம். அவர் இரண்டையும் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "குனிஞ்சு இறங்கவும் வேண்டாம், எட்டி ஏறவும் வேண்டாம். இருந்திட்டுக் காலைத் திருப்பினால் சரி. ரெண்டும் ஒண்டுதான்" என்றார். எமது தேவைகளுள் முதலாவது அவ்வளவில் தீர்ந்தது. பொதி வைப்பதில் வெசெலுக்கு ஒரு சிறப்புண்டு. அதன் எரிபொருட்தாங்கி முன் ஆசனங்களுக்கு அடியில் இருப்பதால், பின் ஆசனத்தின் இருக்கையை மேலே மடித்து, ஒரு மாங்கன்றையே நிமிர்த்தி வைக்கலாம்.

மாத்தளையைக் கடந்து கண்டி நகருக்குள் நுழைந்தபோது பாடசாலை விடும் நேரம். வாகனங்கள் எறும்பாக ஊர்ந்தன. வெசெல் இயந்திரத்தை நிறுத்தி மின்சாரத்தில் மெல்ல நகர்ந்தது. ரைஸ் ஒவ்வொரு அடிக்கும் பெற்றோல் எரித்தது. கண்டியிலோ கொழும்பிலோ நாள்தோறும் அலுவலகம் போய்வரும் குடும்பமாயின், இந்த ஒரு மணி நேரமே தீர்ப்புச் சொல்லியிருக்கும். நாமோ யாழ்ப்பாணத்துத் தட்டை நிலத்தில் ஓடுபவர்கள்.

பேராதனையில் மகளின் அலுவல்களை முடித்தோம். 1952இல் பல்கலைக்கழகம் இங்கு வந்தபோது நட்ட மரங்களோ, அதற்கும் முந்தியவையோ, அந்த நிழலில் நின்றபோது எரிபொருட் கணக்குச் சற்று மறந்துபோயிற்று. மகள் அதிகம் பேசவில்லை. விடுதிக்கான இரும்புப் பெட்டியின் நீளத்தை மட்டும் விரலால் அளந்து காட்டினாள்.

இளையவன் குளிர் பார்க்க வேண்டுமென்றான். அம்மா சீதாஎலிய அம்மனைத் தரிசிக்க வேண்டுமென்றார். எமக்கோ ஏற்றத்தைச் சோதிக்க ஆசை. மறுபடி நிரப்பிக்கொண்டு கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறினோம். தேயிலைத் தோட்டங்களும் நீர்வீழ்ச்சிகளும் மாறிமாறி வந்தன. பேராதனையிலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவரை ஏறக்குறைய 1,400 மீற்றர் ஏற்றம். உயர்தரத்தில் பௌதிகம் படித்த மகள் கொப்பியை எடுத்தாள். ஆட்களோடு 1,500 கிலோகிராம் நிறை. அதை 1,400 மீற்றர் தூக்குவதற்கு 21 மெகாயூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலில் சுமார் 32 மெகாயூல் இருந்தாலும் சக்கரத்தைச் சேர்வது மூன்றிலொரு பங்களவே. ஆகவே தூரத்துக்குரியதைவிட மேலதிகமாக இரண்டு லீற்றர், தூக்குவதற்கு மட்டும் செலவாகும். எந்தக் கம்பனி வண்டியானாலும் மலைக்கு இந்த வரியைக் கட்டியே ஆகவேண்டும். நுவரெலியாவில் நிரப்பியபோது வெசெல் ஐந்தரை லீற்றரும் ரைஸ் ஏழும் எடுத்தன. ரைஸின் டர்போ மெல்லிய காற்றிலும் சோரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

மறுநாள் இறங்கும்போது, ஏறக் கொடுத்ததையெல்லாம் ஹைபிரிட் மீட்டுத் தரும் என்று மைத்துனர் உற்சாகமாயிருந்தார். சில வளைவுகளிலேயே மின்கலம் நிறைந்துவிட்டது. அந்த 21 மெகாயூல் ஏறக்குறைய ஆறு கிலோவாட் மணி. வெசெலின் மின்கலமோ ஒரு கிலோவாட் மணிக்கும் குறைவாகவே கொள்ளும். சிரட்டையை நீட்டி மழையைப் பிடித்தாற்போல. மிச்ச இறக்கத்தை இரு வண்டிகளும் தாழ்ந்த கியரில், பிரேக்கைச் சூடேற்றாமல், பழைய முறையிலேயே இறங்கின.

வவுனியாவில் தேநீர்க்கடையொன்றில் அமர்ந்து கூட்டிப் பார்த்தோம். மாதம் 800 கிலோமீற்றர் ஓடினால் இரண்டுக்குமிடையே பத்து லீற்றரளவு வித்தியாசம். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் வருடம் 36,000 ரூபா. பல இலட்ச விலை வித்தியாசத்தையும் லீசிங் வட்டியையும் இது எத்தனை வருடத்தில் அடைக்கும்? அதற்குள் மின்கலத்துக்கும் வயதாகிவிடும்.

"காசை விடுங்கோ மச்சான். 2022ஐ மறந்திட்டியளோ?" என்றார் மைத்துனர்.

மறக்கவில்லை. அவ்வருடம் ஜூனில் பெற்றோல் 470 ரூபாவாயிற்று. விலையைவிடக் கொடியது, அது கிடையாமை. அம்மாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக இரண்டு இரவுகள் வரிசையில் வண்டிக்குள்ளேயே படுத்திருந்தோம். பின்னர் கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். அப்படி ஒரு காலத்தில் மகளுக்குச் சுகமில்லையென்று செய்தி வந்தால்? எமக்கும் நெஞ்சு ஒருகணம் நின்றது.

மகள்தான் கணக்கிட்டாள். 20 லீற்றரில் ரைஸ் 330 கிலோமீற்றர். கண்டிக்குப் போய்ச் சேரும், அங்கேயே நின்றுவிடும். வெசெல் 415, போய்ச் சேர்ந்து, திரும்பும் வழியில் கெக்கிராவையைத் தாண்டியதும் நின்றுவிடும்.

"அப்ப ரெண்டும் வீட்டை வராது," என்றார் அம்மா. "பிள்ளை பஸ்ஸிலை வருவாள். நான் வாசல்லை நிப்பன்."

மைத்துனர் நெடுநேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டு, வெசெலைத் தாமே வைத்துக்கொள்வதாகவும், தம் மனைவிக்கு அதை விற்க முதலிலிருந்தே விருப்பமில்லை என்றும் சொன்னார்.

ரைஸ் ஒன்று வீட்டு முற்றத்துக்கு வந்து மூன்று வாரமாகிறது. மகளின் இரும்புப் பெட்டி அதன் பின்புறத்தில் நீளவாக்கில் கொள்ளவில்லை. குறுக்கே வைத்து, இடைவெளியில் அரிசிப் பையைச் செருகினோம். இளையவன் மடியில் மிளகாய்த்தூள்ப் போத்தல்களோடு வந்தான்.